இனியெஸ்டா வீட்டு ஒயின்: மூன்று பாட்டில், ஒரு மட்டன் சுக்கா

அவசரக்காரர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் இனியெஸ்டா குடும்பத்தின் ஒயின் நல்ல ஒயின். ரோஸ் நிறத்துப் பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வெள்ளை, மீன் சமைக்கும் நாளுக்கு. சிவப்பு நம் மிளகுக் காரத்தோடு ஒத்துப்போகாது; அதற்கும் ஒரு வழி கிடைத்தது, கீழே வருகிறது. மூன்றுமே தலா 10 யூரோவுக்குள் முடிந்தன.

நான் பார்சிலோனாவில் ஓர் இந்திய உணவகத்தின் அடுப்படியில் நிற்பவன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கிளாஸைச் சுழற்றி மூக்கை விட்டு "ஈரமண், செர்ரி, பழைய தோல்" என்று அடுக்கும் வித்தையெல்லாம் எனக்கு வராது. எது எதோடு சேரும், எது எதைக் கெடுக்கும் என்று மட்டும் நாக்குக்குத் தெரியும். கால்பந்து பைத்தியம் இங்கே வந்த பிறகு பிடித்தது. ராத்திரி திடீரென்று ஆர்டர் குறைந்தால் பார்சா, அதாவது பார்சிலோனா அணி, ஆடுகிறது என்று அர்த்தம். ஆட்ட அட்டவணை எனக்கு அப்படித்தான் மனப்பாடமானது. வேலை இல்லாத அந்த நேரத்தில் டிவியைப் பார்த்துப் பார்த்து, வெளுத்த முகத்தோடு, ஒல்லியாக, முன்நெற்றி வழுக்கையோடு நடுக்களத்தில் சுற்றிக்கொண்டிருந்த 8-ம் எண்காரர் இனியெஸ்டா மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

விளையாட்டு வீரர் பெயரில் விற்கும் பொருளை நான் பொதுவாகத் தொடமாட்டேன். சென்ட்டிலிருந்து உள்ளாடைவரை எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் முகம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியதோடு அவர்கள் வேலை முடிந்தது. இந்த ஒயினை வாங்கத் துணிந்தது, இது அந்த வகை இல்லை என்று தெரிந்ததால்.

இனியெஸ்டா 1984-ல் பிறந்த ஃபுவென்தெஅல்பியா, அல்பசேத்தே மாகாணத்தில் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கிராமம். அப்பா கொத்தனார். தாத்தா வீட்டில் பார் நடத்தினார்கள். பார் என்றதும் நம் ஊர் டாஸ்மாக் பக்கத்துக் கொட்டகையை நினைக்க வேண்டாம். ஸ்பெயின் கிராமத்தில் பார் என்றால் காலைக் காபி, மதியச் சாப்பாடு, சீட்டாட்டம், ஊர்வம்பு எல்லாம் நடக்கும் இடம். சுற்றிலும் திராட்சைக் கொடி. அங்கே ஒயின் பெரிய மனிதர்களின் பானம் இல்லை, வேலை முடிந்து வருகிறவர் ரொட்டியோடு குடிப்பது. அந்த அப்பாவுக்குக் கொடிமேல் ஆசை. மகன் கால்பந்தில் சம்பாதிக்க ஆரம்பித்ததும் குடும்பம் நிலத்தைப் பெருக்கியது. 2010-ல் போதேகா இனியெஸ்டா என்ற பெயரில் சொந்த ஒயினாலை வந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் மகன் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். விளம்பரத்துக்கு அதைவிட நல்ல நேரம் யாருக்கு அமையும்!

இந்த வட்டாரத்துக்கு மன்சுவேலா என்று பெயர். ஹூகர், கப்ரியேல் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள மேட்டுநிலம். பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரி குளிர்ந்துவிடும். அந்த மண்ணின் சொந்தத் திராட்சை போபல். தோல் தடித்தது, நிறம் கறுப்பு, புளிப்பும் துவர்ப்பும் தூக்கல், தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். ரொம்ப காலம் இதை யாரும் மதிக்கவில்லை. டேங்கர் கணக்கில் வாங்கிப்போய், நிறமில்லாத வேறு ஊர் ஒயினில் கலந்தார்கள். பாட்டிலில் தன் பெயரோடு போபல் வெளியே வர ஆரம்பித்தது சமீப காலத்தில்தான்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

முதலில் திறந்தது வெள்ளை, ஃபின்கா எல் கரில். மகபேயோ என்ற திராட்சை. எங்கள் கத்தலோனியாவில் காவா நுரை ஒயினுக்குப் போடுவதும் இதைத்தான். மணம் அடக்கம், ஆப்பிள் தோலைக் கிள்ளி முகர்ந்த மாதிரி லேசாக ஏதோ இருக்கிறது. குளிரக் குளிரக் குடித்தால் வாய் சுத்தமாகிறது. சங்கரா மீனை மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டு வறுத்திருந்தேன், அதற்குக் கச்சிதம். மறுநாள் மிச்சத்தைத் தெருமுனை பாரில் வாங்கிய க்ரொகேத்தாவோடு குடித்தேன். ஹாம் போட்ட பால்மாவை உருட்டிப் பொரித்த அயிட்டம் அது. இனியெஸ்டாவின் கைச்சரக்கு, தப்பு, கால்சரக்குக்கும் இங்கே அதே பெயர்தான்: வலது காலிலிருந்து இடது காலுக்குப் பந்தைச் சடக்கென்று மாற்றி, தடுக்க வந்த இரண்டு பேருக்கு நடுவில் நழுவிப்போவது. டென்மார்க்கின் மைக்கேல் லவுட்ரூப் பார்சாவில் ஆடிய காலத்தில் செய்து காட்டியதை இவர் தன் அடையாளமாக்கிக்கொண்டார். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் போலத் தோன்றும். எதிராளி எப்போது காலை நீட்டுவான் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் விஷயம். வெள்ளைக்கு என் மதிப்பெண் பத்துக்கு ஆறரை. குறை ஒன்றுமில்லை, ஆனால் இதே விலையில் இதே மாதிரி வெள்ளை ஸ்பெயினில் நிறையக் கிடைக்கிறது.

அடுத்தது கொராசோன் லோகோ ரோஸ். இதுதான் விஷயம். முழுக்கப் போபல். அந்தக் கறுப்புத் தோலைச் சாற்றோடு சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டு வடித்துவிடுவார்கள், அதனால் இந்த நிறம். கடைகளில் வரிசையாக நிற்கும் வெளிறிய பிரெஞ்சு ரோஸ் மாதிரி சோகையாக இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. முதல் வாய் ஸ்ட்ராபெர்ரி போல இனிக்கப் போகிறது என்று ஏமாற்றிவிட்டு, முடிவில் புளிப்பும் ஒரு துளி துவர்ப்பும் வந்து நிற்கிறது. இந்தத் துவர்ப்புதான் நமக்கு வேண்டியது. வாழைப்பூ வடை சாப்பிட்ட பிறகு நாக்கின் ஓரத்தில் நிற்குமே, அந்த அளவு. கறிவேப்பிலை, சோம்பு போட்டுச் சுருளப் புரட்டிய கோழி வறுவலோடு குடித்தேன். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுகிறது, காரத்தைக் கிளறவில்லை. தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய்க்குக்கூட ஒத்துவந்தது. இதை வெளியே சொன்னால் ஒயின்காரர்கள் அடிக்க வருவார்கள். பத்துக்கு எட்டரை.

மட்டமாகப் பார்க்கப்பட்ட ஊர்ச்சரக்கைக் கொண்டே ரோஸ் செய்திருக்கிறார்களே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்ப் பையனின் கதையும் நினைவுக்கு வந்தது. இனியெஸ்டா பார்சாவுக்கு வந்தது 12 வயதில், 1996-ல். அதற்குக் கொஞ்சம் முன்னால் புருனேத்தே என்ற ஊரில் நடந்த ஏழுபேர் சிறுவர் போட்டியில் அல்பசேத்தே பிள்ளைகளோடு ஆடி, சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். பார்சா கூப்பிட்டது. பயல் முதலில் வரமாட்டேன் என்றார்; பிறகு அவரே மனம் மாறினார். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் காரில் வந்து, லா மசியா என்ற பழைய பண்ணை வீட்டு விடுதியில் விட்டுவிட்டுப் பெற்றோர் கிளம்பினார்கள். அந்த ராத்திரி அழுத அழுகையைப் பற்றி அவரே பலமுறை பேசியிருக்கிறார். வாழ்க்கையிலேயே மோசமான நாள் அதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். ஹாஸ்டலில் தலையணைக்கு அடியில் முகத்தை வைத்து அழுதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1999-ல் 15 வயதுக்குட்பட்டோர் நைக்கி கோப்பை இறுதியாட்டத்தில், பார்சாவின் மைதானமான கேம்ப் நோவிலேயே, வெற்றிக் கோலை அடித்தார். கோப்பையைக் கையில் கொடுத்தவர் அன்றைய அணித்தலைவர் குவார்டியோலா. பத்தாண்டு கழித்து அந்தக் குவார்டியோலாவே பயிற்சியாளராக உட்கார்ந்து இவரை ஆடவிட்டார். 2002 அக்டோபரில் புரூஜ் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 2018 மே மாதம் விடைபெறும்போது பார்சாவுக்கு 674 ஆட்டங்கள், 57 கோல்கள். ஏறத்தாழ பன்னிரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல்தான் தேறும். இருந்தும் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான 2010 பாலன் தோர் விருதில் மெஸ்ஸிக்கு அடுத்த இடம், 2012 யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர்.

எண்ணிக்கையில் குறைவான அந்தக் கோல்களில் ஒன்றின் பெயரில்தான் மூன்றாவது பாட்டில்: மினுதோ 116, அதாவது 116-வது நிமிடம், சிவப்பு. 2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், நெதர்லாந்துக்கு எதிராக உலகக் கோப்பை இறுதியாட்டம், கூடுதல் நேரத்தின் 116-வது நிமிடம். தோரஸ் உள்ளே போட்ட பந்தை வான் டெர் வார்ட் சரியாக வெளியேற்றவில்லை. ஃபாப்ரெகாஸ் காலுக்கு வந்து, அங்கிருந்து வலப்பக்கம் நின்ற இவருக்கு. பந்து ஒருமுறை எழும்பி இறங்கும்வரை பொறுத்திருந்து அடித்தார். கோல்கீப்பர் ஸ்டெகெலன்பர்க் விரலில் பட்டும் நிற்கவில்லை.

இந்தப் பாட்டிலை நான் தனியாகக் குடிக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எஸ்பான்யோல் ஆதரவாளர் என்று சொன்னால் போதாது, பக்தர். இதே நகரத்தின் இன்னொரு அணி அது. பார்சாவின் நீலமும் செம்பழுப்பும் சேர்ந்த துணி காற்றில் பறந்து அவர் பால்கனியில் விழுந்தால்கூடக் கம்பால் தள்ளிவிடுகிறவர். நான் அவருக்கு "மகனே", அவர் எனக்கு "தோன்" (நம் ஊர் "ஐயா" மாதிரி) போட்டு முழுப்பெயர். ஞாயிற்றுக்கிழமை மட்டன் சுக்கா செய்தால் ஒரு கிண்ணம் கீழே போகும். அன்றைக்குக் கிண்ணத்தோடு பாட்டிலையும் எடுத்துப் போனேன். முன்பக்கம் 116 என்று பார்த்ததும், கோபிப்பார் என்று நினைத்தால், இரண்டு கிளாஸ் எடுத்து வந்தார்.

காரணம் ஹார்கே. டானியல் ஹார்கே, எஸ்பான்யோல் அணியின் தலைவர், இனியெஸ்டாவின் நண்பர். நாட்டின் இளையோர் அணிகளில் சேர்ந்து ஆடியவர்கள். 2009 ஆகஸ்டில், அணியின் புது மைதானம் திறந்து சில நாட்களே ஆன நிலையில், இத்தாலியில் பயிற்சி முகாமில் இருந்தபோது மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 26. இனியெஸ்டாவுக்கு அந்த ஆண்டு ஏற்கெனவே உடம்பு படுத்தியது. மே மாதம் செல்சீ மைதானத்தில் 93-வது நிமிடம் அடித்த கோலால் பார்சாவைச் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கொண்டுபோனவர், ரோமில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் தொடைத்தசை கிழிந்திருந்த நிலையில், கோலை நோக்கி ஓங்கி அடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையோடு ஆடினார். அதற்குப் பிறகு ஹார்கே சாவு. மனம் இருண்டுபோய்விட்டது என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார், மனநல உதவி நாடியதையும் மறைக்கவில்லை. ஸ்பெயினில் அன்றைக்கு அந்த உயரத்தில் இருந்த ஆட்டக்காரர் இப்படிப் பேசியது சின்ன விஷயமில்லை. பதினொரு மாதம் கழித்து, 116-வது நிமிடத்தில், சட்டையைக் கழற்றினார். உள்ளே வெள்ளைப் பனியனில் கையால் எழுதியிருந்தது: டானி ஹார்கே எப்போதும் எங்களோடு. நடுவர் விதிப்படி மஞ்சள் அட்டை காட்டினார்.

அந்த டிசம்பரில் எஸ்பான்யோல் மைதானத்தில் பார்சா 5-1 என்று வென்றது. சொந்த மைதானத்தில் அடிவாங்கிய கடுப்பிலும், இனியெஸ்டா வெளியேறும்போது எதிர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியவர் தானும் அங்கே இருந்ததாகச் சொன்னார். எங்கே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யார், குளிருக்கு என்ன போட்டிருந்தார் என்பதுவரை சொன்னார்; பார்சாவின் ஐந்து கோலும் எப்படி விழுந்தது என்று கேட்டால் நினைவில்லை என்கிறார். ஹார்கேயின் எண் 21. இப்போதும் அங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் 21-வது நிமிடம் கைதட்டல் எழும்.

இனி ஒயின். தனியாகக் குடித்தால் நன்றாகவே இருக்கிறது: கறுத்த பழச்சுவை, பிடிப்பான துவர்ப்பு, சுமாரான கனம். மான்செகோ பாலாடைக்கட்டியும் ரொட்டியும் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். ஆனால் சுக்காவில் ஒரு துண்டை மென்றுவிட்டு ஒரு வாய் குடித்தேன், மிளகு எரிய ஆரம்பித்துவிட்டது. இது இந்த ஒயினின் குற்றம் இல்லை. சாராயமும் துவர்ப்பும் உள்ள எந்தச் சிவப்பும் மிளகு, மிளகாயோடு சேர்ந்தால் இப்படித்தான் செய்யும். காரம் இரட்டிக்கும், பழச்சுவை காணாமல் போகும். நம் ஊர்க் கறிக்கு ரெட் ஒயின்தான் பொருத்தம் என்று யாராவது சொன்னால் அவர் செட்டிநாட்டு மிளகைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பெரியவர் சமையலறைக்குள் போய், ஐஸும் எலுமிச்சை சோடாவும் கொண்டுவந்தார். பாதி கிளாஸ் ஒயின், பாதி சோடா, நிறைய ஐஸ். தின்தோ தெ வெரானோ என்பார்கள், வெயில் காலத்தில் ஸ்பெயின் முழுக்கக் குடிப்பது. உலகக் கோப்பைக் கோலின் பெயர் வைத்த ஒயினில் சோடா ஊற்றுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் நெருடியது. குடித்துப் பார்த்தால் சுக்காவுக்கு அற்புதம்! குளிர்ச்சி எரிச்சலை அடக்குகிறது, சோடாவின் இனிப்பு மிளகைத் தாங்கிப் பிடிக்கிறது, ஒயினின் துவர்ப்பு மட்டும் மிஞ்சி ஆட்டுக் கொழுப்பை வெட்டுகிறது. அதன் பிறகு கிண்ணம் காலியாக நேரமாகவில்லை. ஆகவே மினுதோ 116-க்கு இரண்டு மதிப்பெண்: தனியாகக் குடித்தால் ஏழு, சோடா கலந்து சுக்காவோடு ஒன்பது.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்கடை ஒன்றில் இதே பாட்டிலை ஏறக்குறைய இரட்டை விலைக்கு, பார்சா சட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அங்கே வாங்காதீர்கள்; சாதாரண ஒயின் கடையிலோ ஒயினாலையின் இணையக் கடையிலோ வாங்குங்கள். இன்னொன்று, அலமாரியில் வைத்துப் பத்தாண்டு கழித்துத் திறக்கும் சரக்கு இது இல்லை. ரோஸை, வெள்ளையை வாங்கிய ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். கோல் நினைவாகப் பாட்டிலை ஷோகேஸில் வைப்பவர்கள் குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை வைக்கலாம்.

"பார்சா ஆளின் ஆலைக்கு ஏன் காசு கொடுக்கிறாய்" என்று எங்கள் உணவகத்தில் ரியல் மாட்ரிட் கட்சிக்காரப் பையன் ஒருவன் கேட்டான். 2015 நவம்பரில் அவர்கள் மைதானமான பெர்னபேவில் பார்சா 4-0 அடித்த ராத்திரி, மாட்ரிட் கூட்டமே இவருக்குக் கைதட்டியதை அவன் மறந்துவிட்டான் போல. அது தவிர, அந்தக் காசில் கொஞ்சம் ஊருக்கும் போயிருக்கிறது. சின்ன வயதில் ஆடிய அல்பசேத்தே அணி மூன்றாம் நிலைக்கு விழுந்து, ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்து, இன்னும் கீழே தள்ளப்படும் நிலையில் இருந்தபோது, 2013-ல் 2,40,000 யூரோ கடனாகக் கொடுத்து நிமிர்த்தினார். அந்த அணியின் முதல் வரிசையில் அவர் ஒருநாள்கூட ஆடியதில்லை.

2018-ல் பார்சாவை விட்டபோது, சீன அணி ஒன்று சம்பளத்தோடு லட்சக்கணக்கில் ஒயின் பாட்டிலும் வாங்கிக்கொள்வதாகப் பேரம் பேசுகிறது என்று இங்கே செய்தியெல்லாம் வந்தது. கடைசியில் ஜப்பானின் விஸ்ஸல் கோபேக்குப் போனார். 2020 புத்தாண்டு அன்று அந்த அணிக்கு அதன் முதல் கோப்பையான எம்பரர்ஸ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2023 ஜூலைவரை அங்கே இருந்தார். அவர் கிளம்பிய அந்த ஆண்டு இறுதியிலேயே கோபே முதல்முறையாக லீக்கை வென்றது. பிறகு எமிரேட்ஸில் ஒரு சீசன். 2024 அக்டோபர் 8-ல், தன் சட்டை எண்ணுக்குப் பொருத்தமாக 8-ம் தேதி பார்த்து, ஆட்டத்துக்கு விடைகொடுத்தார்.

அவர் பிள்ளைகள் வலேரியா, பாவ்லோ ஆந்த்ரேயா பெயரிலும் இதே ஆலை ஒயின் போடுகிறது. விலை இந்த மூன்றைவிட ஒரு படி மேல். குடிக்காமல் மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கு இல்லை. பெரியவரின் பிறந்தநாள் மார்ச்சில் வருகிறது. அன்றைக்கு ஒன்றைத் திறந்துவிட்டு எழுதுகிறேன். அதிலும் சோடா ஊற்ற விடுவதாக இல்லை.